லினக்ஸில் விளையாடிய தாய்மாமன்

என் வாய்தான் முதற் குற்றவாளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எவரும் என்னிடம் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

2003ஆம் ஆண்டு. அக்கா தயாளினியின் மகள் லக்‌ஷிகாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். லண்டன் ஸ்ட்ரெதமில் அத்தான் தேவராசாவின் கடைக்கு மேலேதான் அவர்களுடைய வீடு. கீழே கடையில் வெளிநாட்டுக்குக் கதைக்கிற டெலிபோன் காட், சினிமாப் படக் கொப்பிகள், கணினி திருத்தம். பத்துப் பவுண் கொடுத்தால் எந்தக் கணினிக்கும் விண்டோஸ் போட்டுக் கொடுப்பார். எல்லாம் ஒரே சிடியிலிருந்து எடுத்த கள்ளக் கொப்பி. நான் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பராமரிக்கிறவன். கேக் வெட்டி முடிந்து நாற்பது பேர் நிற்கிற இடத்தில் யாரோ ஒருவர், "வாமதேவனும் அத்தானும் ஒரே தொழில்தானே" என்று சொல்லிவிட்டார். "அத்தான் செய்யிறது தொழில் இல்லை, களவு" என்றேன் நான்.

தவளை தன் வாயால் கெடும். அத்தான் கையில் வைத்திருந்த பலகாரத் தட்டை மேசையில் வைத்தார். "இண்டையோடை அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும்.

எங்கள் சனத்தில் கதை பேச்சு இல்லையென்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. போன் எடுக்கக் கூடாது. படி மிதிக்கக் கூடாது. கோயிலில் எதிர்ப்பட்டால் சாமியைப் பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். செத்த வீட்டுக்குப் போகலாம். நல்ல காரியத்துக்கென்றால் அவர்களாக வந்து வாயால் அழைத்தால்தான் போகலாம். அக்கா புருசன் சொல்லைத் தட்டாதவள். நானும் அவளை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதில் இருந்ததும் அத்தான் போட்டுத் தந்த விண்டோஸ்தான். சிரிக்காதீர்கள். அன்றைக்கே அதைத் துடைத்து எறிந்துவிட்டு, எவரும் காசில்லாமல் நேர்மையாகப் பாவிக்கக்கூடிய லினக்ஸ் போட்டேன். இனி என் வீட்டில் விண்டோஸ் என்ற பேச்சே இல்லை என்று மனைவி மேரிறோஸிடம் சத்தியம் செய்தேன். அவள் அப்போது பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். "உங்கடை சத்தியத்தை ஆர் கேட்டது?" என்றாள்.

லினக்ஸில் எல்லாம் நன்றாக ஓடியது, ஒன்றைத் தவிர. விளையாட்டு. எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் அதுதான்: இணையத்தில் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து கோட்டை பிடிக்கும் விளையாட்டு. அதைச் செய்த கம்பனி விண்டோஸுக்கு மட்டும்தான் செய்திருந்தது. லினக்ஸ்காரர்களுக்கென்று எவரும் விளையாட்டுச் செய்வதில்லை. செய்ய முயன்ற ஒன்றிரண்டு பேரும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் வைன் என்று ஒரு மென்பொருள் இருந்தது. தான் விண்டோஸுக்குள் இருப்பதாக விளையாட்டை நம்பவைத்து லினக்ஸில் ஓட்டும். நம்புகிற நாளில் ஓடும். நம்பாத நாளில் திரை கறுப்பாகும், அல்லது படம் வரும் சத்தம் வராது, அல்லது எல்லாம் வந்து குதிரைக்குக் கால் மட்டும் தெரியாது. புதன்கிழமைகளில் கம்பனி விளையாட்டைப் புதுப்பிக்கும். வியாழன் நான் இணைய மன்றங்களில் என்னைப் போன்ற கிறுக்கர்களிடம் வழி கேட்பேன். சனிக்கிழமை திரும்ப ஓடும்.

"விளையாடுற நேரத்தை விட அதை ஓடப்பண்ணுற நேரம்தான் கூட" என்பாள் மேரிறோஸ். "பக்கத்து வீட்டுக் கஸ்பர் அண்ணையிட்டை விண்டோஸ் சிடி இருக்காம். ஒரு மணித்தியால வேலை."

"அது எந்தக் கடைச் சிடி எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும். நீங்கள் பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூண்டு கால்தான்."

2005 கடைசியில் எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு வைத்தியர் வந்து சேர்ந்தார். காயப்பட்டவர்களைக் குணப்படுத்துவதுதான் வைத்தியரின் வேலை. நான் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடி அடி வாங்குகிறவன். மூன்றாம் நாள் அந்த வைத்தியர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்: "அவசரப்படாதை. பின்னுக்கு நில். ஒருநாளும் சொல்வழி கேக்கிறேல்லை."

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். உலகத்தில் என்னை அப்படி ஏசுவது ஒரே ஒருத்திதான். நான் எங்கும் வாமன் என்ற பெயரில்தான் விளையாடுவேன், அது அவளுக்குத் தெரியும். தேடி வந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது, சும்மா சொல்லவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் இரண்டு மணிக்கு, அத்தான் கடையில் நிற்கும் நேரம், அக்கா வருவாள். இரண்டு மணித்தியாலம் கோட்டை பிடிப்போம். அவள் அக்கா என்று சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. வீட்டுக் கதை ஒன்றும் எழுதுவதில்லை. எழுதுவது கதைப்பதாகாது என்று அவள் தன் மனதுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தாள் போலும். "சாப்பிட்டாச்சோ" என்று மட்டும் எப்போதாவது கேட்பாள். "ஓம்" என்பேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கிழமை முழுக்க வைனோடு மல்லுக்கட்டினேன் என்று மேரிறோஸுக்கு நான் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுவாள்.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. 2007 மே மாதம் ஒரு ஞாயிறு, விளையாட்டு முடிகிற நேரத்தில் அக்கா எழுதினாள்: "லக்‌ஷிகா பெரிசாகீட்டாள்."

சாமத்தியச் சடங்கு வைப்பார்கள். தாய்மாமன்தான் தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். லக்‌ஷிகாவுக்கு மாமன் என்று நான் ஒருவன்தான். என்ன எழுதுவதென்று தெரியாமல் "சந்தோசம்" என்று எழுதினேன். அவள் எழுதினாள்: "வாற ஞாயிறு கட்டாயம் வா. ஒரு விசயம் கேக்கவேணும்."

என்ன கேட்கப் போகிறாள் என்று ஒரு குழந்தைக்கும் விளங்கும். நான் அந்த ஞாயிறு இரவு சாப்பிடும்போது இரண்டு தரம் சிரித்தேனாம்.

புதன்கிழமை விளையாட்டைப் புதுப்பித்தார்கள். இந்த முறை குதிரைக்குக் கால் போகவில்லை. களவாக விளையாடுகிறவர்களைப் பிடிக்கவென்று புதிதாக ஒரு காவல் நிரலைச் சேர்த்திருந்தார்கள். அது என் கணினியைத் துழாவி, வைனைக் கண்டு, இது விண்டோஸ் இல்லையே, ஆனால் விண்டோஸ் மாதிரி நடிக்கிறதே என்று முடிவு கட்டியிருக்கிறது. வியாழன் காலை மின்னஞ்சல் வந்தது. தடை செய்யப்பட்ட மென்பொருளைப் பாவித்து மோசடி செய்ததால் உமது கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.

மோசடி. நான். லண்டனில் அத்தனை பேருக்கு முன்னால் அத்தானைக் கள்ளன் என்று சொன்ன நான்.

எனக்கு உடனே வந்த பயம் என்ன தெரியுமா? குழுப் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் மோசடிக்காரன் என்று போட்டிருப்பார்கள், அக்கா அதைப் பார்ப்பாள், ஒருநாள் வாய் தவறி அத்தானிடம் சொல்லிவிடுவாள். அத்தான் என்ன சொல்வார் என்பது வரைக்கும் என் காதில் கேட்டது.

"போன் எடுங்கோவன்" என்றாள் மேரிறோஸ். "கடை நம்பர் இருக்குத்தானே. அக்காவோடை கதைக்கவேணும் எண்டு சொன்னால் முடிஞ்சுது."

"அவர் எடுத்தால்?"

"எடுத்தால் அவரோடை கதையுங்கோ."

"கள்ளன் எண்ட பேரோடை நான் அந்த ஆளோடை கதைக்க ஏலாது. முதல் இதைத் துடைச்சுப்போட்டுக் கதைக்கிறன்."

"அதுக்கிடையிலை அந்தப் பிள்ளையின்ரை சடங்கு முடிஞ்சிடும்."

"மாமன் இல்லாமல் எப்பிடி முடியும்?" என்றேன். உண்மையாக அப்படித்தான் நம்பினேன்.

அதன் பிறகு நான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்பனிக்குப் பதினான்கு கடிதம் எழுதினேன். உமது இயங்குதளத்துக்கு நாங்கள் ஆதரவு தருவதில்லை என்று ஒரே பதில் பதினொரு தரம் வந்தது. இணைய மன்றத்தில் என்னைப் போல் தடை செய்யப்பட்ட முப்பது லினக்ஸ்காரர்களைச் சேர்த்து மனு எழுதினேன். வைன் எப்படி வேலை செய்கிறது, அது ஏன் மோசடி ஆகாது என்று ஒன்பது பக்கத்துக்கு விளக்கம் தயாரித்தேன். கல்லூரியில் இரண்டு நாள் சுகயீன லீவு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிக்கு மணிக்கூட்டைப் பார்ப்பேன். அக்கா அங்கே நிற்பாள் என்று தெரியும். அப்போதெல்லாம் இன்னும் கோபத்தோடு தட்டச்சுச் செய்வேன். இரண்டாம் ஞாயிறு கஸ்பர் அண்ணை அந்தச் சிடியோடு வாசலில் வந்து நின்றார், மேரிறோஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வேறொரு பெயரில் உள்ளே போய் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவரைத் தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏழாம் கிழமை கம்பனி பணிந்தது. முப்பத்தொரு பேருக்கும் ஒரே மின்னஞ்சல்: காவல் நிரல் தவறாகக் கணித்துவிட்டது, நீங்கள் மோசடி செய்யவில்லை, மன்னிக்கவும். நான் அதை அச்சடித்தேன். மேரிறோஸிடம் வாசித்துக் காட்டினேன்.

ஞாயிறு இரண்டு மணிக்கு உள்ளே போனேன். வைத்தியர் இல்லை. மூன்று மணி வரை பார்த்தேன். குழுவில் ஒரு பின்லாந்துக்காரன் இருந்தான், அவனைக் கேட்டேன். "அவ போயிட்டாவே" என்று ஆங்கிலத்தில் எழுதினான். "நாலு ஞாயிறு வந்து உனக்காகப் பார்த்துக்கொண்டு நின்றா. சண்டைக்கும் வரவில்லை. பிறகு தன்னுடைய மருந்து, உடுப்பு எல்லாவற்றையும் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கணக்கை அழித்துவிட்டா."

கணினியை நிறுத்தாமலே எழும்பினேன். அச்சடித்த கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். எங்கள் வீடு இருக்கும் லூயிஷாமிலிருந்து ஸ்ட்ரெதமுக்கு இரண்டு பஸ். வழி முழுக்க அத்தானிடம் எதை முதலில் சொல்வதென்று யோசித்துக்கொண்டு போனேன்.

கடையில் ஆள் இல்லை. அத்தான் தனியாக டெலிபோன் காட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு நிமிர்ந்தார். தலை நரைத்திருந்தது.

"வாரும்" என்றார்.

நான் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "நான் களவு செய்யேல்லை" என்றேன். "அவங்களே எழுதித் தந்திருக்கிறாங்கள். வாசிச்சுப் பாருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஆர் உம்மைக் கள்ளன் எண்டு சொன்னது?"

"அக்கா சொல்லேல்லையே? விளையாட்டிலை என்ரை பேருக்குப் பக்கத்திலை போட்டிருந்திருக்குமே."

"உம்மடை பேர் அங்கை இருக்கேல்லை எண்டுதான் சொன்னவ. கேக்க ஒரு விசயம் இருக்கு எண்டு சொல்லி ஒரு கிழமைக்குள்ளை நீர் பேரை எடுத்துப்போட்டுப் போயிட்டீராம். வர விருப்பமில்லை எண்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் எண்டு அழுதவ."

"நாங்கள் விளையாடுறது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஒரே வீட்டுக்கை இருக்கிறன், தெரியாமல்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு நான் மேலை போறேல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உம்மைக் கூப்பிடச் சொல்லி நான்தான் சொன்னனான். போன் எடும், இல்லாட்டி நான் எடுக்கிறன் எண்டன். அவதான், போன் எடுத்தால் நீங்கள் இரண்டு பேரும் திருப்பிச் சண்டை பிடிப்பியள், நான் முதல் அவனைக் கேட்டு ஓம் சொல்லவைக்கிறன், பிறகு ரெண்டு பேருமாய் அழைப்புக் காட்டும் வெத்திலைத் தட்டமும் கொண்டு போவம் எண்டவ. பிறகு நீர் போயிட்டீர். தாய்மாமனுக்குத் தபாலிலை காட் போடுறதோ?"

"சடங்கு எப்ப?" என்றேன்.

"முந்தநாள் முடிஞ்சுது. தேங்காய் உடைக்க ஆளில்லாமல் ஐயர் அரை மணித்தியாலம் மணவறையிலை இருந்தவர். அக்கா மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டு நிண்டவ. கடைசியிலை வீடியோ எடுக்க வந்த பெடியனைக் கூப்பிட்டு உடைச்சது."

வீடியோ எடுக்க வந்தவன். ஏழு கிழமை நான் நிரபராதி என்று நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறேன், என்னை எவருமே குற்றம் சாட்டாத ஒரு வழக்கில். ஒரு போன். பத்துப் பென்ஸ் காசு.

அத்தான் படிப் பக்கம் பார்த்து, "தயாளினி, ஒருக்கால் கீழை வாரும்" என்றார்.

அக்கா இறங்கி வந்தாள். கடைசிப் படியில் என்னைக் கண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். "அக்கா" என்றேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்தவருக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேளுங்கோ."

"வேணும்" என்றேன்.

அவள் அசையாமல் நின்றாள். அத்தான் என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு அவளிடம் திரும்பினார்.

"வேணுமாம்" என்றார்.