செல் நம்பர்: கணவருடையது

பணம் கொடுக்கிற வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் டிரஸ்ட் ஆபீஸ் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. மூன்று வருஷமாக ஞானசெல்வி கேட்டும் வராத தாழ்ப்பாள். பெண்களின் உடல்நலம், பாதுகாப்பு, உரிமை என்று வாசலில் போர்டு தொங்கும் ஆபீஸ் அது. உள்ளே வேலை பார்க்கிற ஐந்து பெண்களும் ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போய்வந்தார்கள். அன்று காலை அந்தப் புதுத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தபோது ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்தது.

டைரக்டர் சாம்ராஜ் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ வேலை தலையில் விழப்போகிறது என்று அர்த்தம்.

“போன வருஷம் விசைத்தறிப் பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பைக் கேன்சர் கேம்ப் போட்டோம்லா. நானூத்திப் பன்னெண்டு பேரு. அதுல ஒருத்திக்கு இருக்குன்னு ரிசல்ட் வந்துச்சே, அந்தப் பொம்பளையை மேடையில ஏத்தணும். இந்தக் கேம்ப் இல்லைன்னா நான் செத்திருப்பேன்னு ரெண்டு வார்த்தை பேசினாப் போதும். வாரவங்க உருகிருவாங்க.”

அந்தப் பொம்பளை முப்பிடாதி. தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள். கேம்ப்புக்கு அவளை இழுத்து வருவதற்குள் ஞானசெல்விக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. துணியை விலக்கிக்கொண்டு படுக்க வேண்டும் என்று கேட்டதும் மூன்று தடவை ஓடி ஒளிந்தவள். கடைசியில் ஞானசெல்வி பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சம்மதித்தாள். சோதனை முடிந்து எழுந்ததும், “ரிசல்ட்டு எப்பக்கா வரும்?” என்று கேட்டாள்.

“ஏதாவது இருந்தாத்தான் ஆபீஸ்ல இருந்து போன் வரும். போன் வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு நெனச்சுக்கோட்டி” என்றாள் ஞானசெல்வி.

படிவத்தை நிரப்பியதும் அவள்தான். பெயர், வயது, எத்தனை பிள்ளை என்று போய், பதினோராவது கட்டம் செல் நம்பர். எனக்கு ஏதுக்கா போனு, அவுக நம்பரைப் போட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டு, புருஷன் சுடலைராஜின் பத்து எண்ணையும் முப்பிடாதி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவள் மட்டுமா? நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முந்நூறு பேருக்கு மேல் அப்படித்தான். புருஷன் நம்பர், மாமனார் நம்பர், மகன் நம்பர். ஞானசெல்வி ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தி யோசித்தாளா என்றால் இல்லை. ரேஷன் கார்டிலிருந்து கேஸ் சிலிண்டர் வரைக்கும் ஊரே அப்படித்தானே எழுதுகிறது.

மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்தது. ஆபீஸிலிருந்து அந்த நம்பருக்குப் போன் போட்டார்கள். ‘தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் பச்சை மையில் டிக் விழுந்தது. அதை ஞானசெல்வியும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாவம், எப்படியும் வைத்தியம் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தாள். அந்த வாரமே புதுத் திட்டம் ஒன்று வந்து அவளைச் சிவகிரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

இடையில் ஒரு நாள், முப்பிடாதியின் மூத்த மகளுடைய சடங்குக்கு ஞானசெல்வி வந்து போனாள். பெரிய மனுஷியான பிள்ளையின் படத்தைப் போட்டுத் தெருமுனையில் ஆள் உயர ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் ரிசல்ட்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. முப்பிடாதி சிரித்த முகமாக ஒவ்வோர் இலைக்கும் கேசரி வைத்துக்கொண்டு வந்தாள். தனக்கு இப்படி ஒரு நோய் என்று தெரிந்த பொம்பளை இப்படிச் சிரிப்பாளா என்று அப்போதே ஞானசெல்விக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

அதெல்லாம் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது சாம்ராஜ் சொன்னபடி அவளை மேடைக்கு அழைக்கத்தான் ஞானசெல்வி அந்த வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் முப்பிடாதி.

“எங்கட்டி வைத்தியம் பாக்குதே? ஏன் இப்படி ஆயிட்டே?”

“வைத்தியமா? ஆறு மாசமா தீட்டு நிக்கவே மாட்டேங்கு. சூடுன்னு எளநி குடிக்கேன். இடுப்பு வேற கழண்டு விழுற மாதிரி இருக்கு.”

“கேம்ப்ல எடுத்த ரிசல்ட்டுக்கு?”

“அதுல ஒண்ணுமில்லைல்லா. போனு வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு நீங்கதானக்கா சொன்னீக.”

ஞானசெல்வி அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த சுடலைராஜ் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தான். அவன் தலையைத் தூக்காததிலேயே எல்லாம் தெரிந்துபோனது.

“தம்பி, உமக்குப் போன் வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மக சடங்குக்கு எட்டு நாள்தான் கெடந்துச்சு. ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு, மாமன் வீட்டுக்குச் சொல்லியாச்சு. தாய்க்காரி ஆஸ்பத்திரியில கெடந்தா சடங்கு எப்படி நடக்கும்? சடங்கு முடியட்டும்னு இருந்தேன்.”

“முடிஞ்ச பொறவு?”

“அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பாளேன்னு பயமா இருந்துச்சு. அவளும் நல்லாத்தான நடமாடுனா. சரியாப் போயிருக்கும்னு நெனச்சேன்.”

முப்பிடாதி சத்தம் போடவில்லை, அழவில்லை. “கேசரிக்கு முந்திரி வறுத்துக்கிட்டு இருந்தப்ப அடுப்படிக்கு வந்து வந்து நின்னீகளே. அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா” என்று மட்டும் கேட்டாள். அவன் எழுந்து கையைக் கழுவினான்.

ஞானசெல்விக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கக் கை பரபரத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். மனசுக்குள் அவனை அந்த வீட்டு உத்தரத்திலேயே தொங்கவிட்டாள். நம்பரை எழுதிய பேனா யாருடையது என்பதை அப்போது அவள் நினைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவர் போன் நம்பர் கேட்டார். முப்பிடாதி பழக்கத்தில் அதே பத்து எண்ணை ஒப்பிக்க ஆரம்பித்தாள். ஞானசெல்வி குறுக்கே விழுந்து, “அது வேண்டாம் சார், என் நம்பரை எழுதுங்க” என்றாள். அதை எழுதியபோது அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இனி இவளுக்கு வருகிற சேதி எவன் சட்டைப்பையிலும் தூங்காது என்று நினைத்துக்கொண்டாள். சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, போனில் சொல்கிறோம் என்றார்கள்.

சாம்ராஜிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் ஐயையோ என்றார். அடுத்த மூச்சிலேயே ஆபீஸ் கதவைச் சாத்தினார்.

“இதை வாரவங்ககிட்ட மூச்சு விட்டுராத. தகவல் தெரிவிச்சாச்சுன்னு ரிப்போர்ட்ல போட்டு அனுப்பியாச்சு. நாம தெரிவிச்சோமா இல்லையா? தெரிவிச்சோம். அவன் சொல்லலைன்னா நாம என்ன செய்ய? புது ரிசல்ட் இன்னும் வரலைல்லா, அப்போ அந்தப் பொம்பளை வந்து பேசட்டும்.”

அந்த இடத்திலேயே அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு வந்திருக்கலாம். எறியவில்லை. அவளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். முப்பிடாதியிடம் கேட்டால் மாட்டேன் என்பாள், தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அவளோ, “வாரேங்கா. பெரிய எடத்து ஆளுக, வேற நல்ல ஆஸ்பத்திரி எதுவும் இருக்கான்னு அவுககிட்டக் கேக்கலாம்லா. சின்னவளுக்கு ஆறு வயசுதான ஆகுது” என்றாள்.

கூட்டம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஃப்ளெக்ஸ், அதில் வந்தவர்கள் நாலு பேரும், நடுவில் சாம்ராஜும் கைகூப்பிச் சிரித்தார்கள். வெள்ளைக்கார அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். உலகம் முழுக்க எத்தனை பெண்கள் நோயைச் சொல்ல முடியாமலே சாகிறார்கள் என்று அந்த அம்மா பேசினார். குரல் தழுதழுத்தது, நடிப்பு இல்லை, நிஜமான வருத்தம்தான். சாம்ராஜ் அதைத் தமிழில் சொன்னபோது தறிப் பெண்கள் கைதட்டினார்கள். முன்வரிசை ஓரத்தில், புதுச்சேலையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் முப்பிடாதி.

அப்போதுதான் ஞானசெல்வியின் போன் அதிர்ந்தது. வெளியே ஓடி எடுத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். ரிசல்ட் வந்துவிட்டது, பக்கத்து உறுப்புகளுக்கும் பரவியிருக்கிறது, ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, ரேடியேஷன் கரண்ட் வைத்துப் பார்க்கலாம், நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று அந்த நர்ஸ் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஞானசெல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். முப்பிடாதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்கா போன்ல? ஆஸ்பத்திரியா?”

மேடையிலிருந்து சாம்ராஜ் கண்ணைக் காட்டினார். அடுத்தது முப்பிடாதிதான். இப்போது சொன்னால் இவள் எப்படி மேடை ஏறுவாள், சொல்லாமல் ஏற்றினால் என்ன ஆகிவிடப்போகிறது, அரை மணி நேரம்தானே. இவ்வளவும் ஒரு நொடியில் ஞானசெல்வியின் தலைக்குள் ஓடி முடிந்தது.

“ஆமா. கூட்டம் முடியட்டும்ட்டி, சொல்லுதேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முப்பிடாதியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மெதுவாக எழுந்தாள். மேடைப் பக்கம் திரும்பாமல் ஞானசெல்விக்கு நேராக வந்து நின்றாள். கைதட்டியவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள்.

ஞானசெல்வி அவள் கையைப் பிடிக்கப் போனாள். முப்பிடாதி கையைக் கொடுக்கவில்லை.

“கையெல்லாம் பிடிக்க வேண்டாம்கா. சடங்கு முடியட்டும்னாக, அதுவும் முடிஞ்சுது. இப்பக் கூட்டம் முடியட்டும்ங்கீக. என் ஒடம்புல என்னன்னு என்கிட்டச் சொல்ல இன்னும் எதுக்கா முடியணும்?”