யதிராஜன் வீட்டுக் குழாயில் எங்கள் ஓஸ்

சித்திரை உற்சவத்தின் ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் பச்சை ரப்பர் ஓஸ் எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த வீட்டில், யதிராஜனுடைய முன்தோட்டத்துக் குழாயில் மாட்டிக்கொண்டு, கழற்ற வராமல் கிடந்தது. பல்லக்கு வருவதற்கு இரண்டரை மணி நேரம் இருந்தது.

திருவள்ளூரில் எங்கள் வீதியில் உள்ளவர்களுக்கு இதன் கனம் புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரே நாலுகால் மண்டபம் ஒன்று இருக்கிறது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் பெருமாளின் பல்லக்கு அங்கே இறங்கும். அன்றைய உபசாரம் முழுவதும் எங்கள் வீட்டு மண்டகப்படி. ஐந்து தலைமுறையாக நடக்கிறது. ஐம்பத்தெட்டில் பாகப்பிரிவினை ஆனபோது யதிராஜனின் அப்பா, அதாவது என் சித்தப்பா, அதில் பாதி கேட்டார். பெரியவர்கள் கூடி, மண்டகப்படியும் கிணறும் மூத்த கிளைக்கு என்று முடித்தார்கள். மூத்த கிளை நான். வீதிக்குத் தெளிக்கிற தண்ணீர் முதல் பெருமாளுக்குச் சமைக்கிற தளிகை வரை எல்லாம் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான்.

தண்ணீர் தெளிப்பது சின்ன விஷயம் என்று எண்ணக்கூடாது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். சித்திரை வெயிலில் பத்தரை மணிக்கு எங்கள் வீதியில் நின்று பார்த்தால் தெரியும். போன வருஷம் குடம் குடமாகக் கொட்டினோம். கொட்டக் கொட்டக் காய்ந்தது. தூக்குகிறவர்களின் தலைவன் அப்பாவு ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தான். பட்டர் பாசுரத்தைப் பாதியில் நிறுத்தி ஆரத்தி எடுத்தார். பெருமாள் எங்கள் வாசலில் மூன்று நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்பாவு போகிறபோது, "அட இன்னா சாமி, அடுப்பு மேல நிக்க வெக்கிறியே!" என்று எல்லோரும் கேட்கச் சொன்னான்.

அதனால்தான் பட்டணம் போய், பிராட்வேயில் அறுபது அடி ஓஸ் வாங்கி வந்தேன். பித்தளை நட்டு வைத்தது. எங்கள் வாசல் குழாயில் மாட்டினால் மண்டபம் தாண்டியும் எட்டும். குடம் தூக்கும் பெண்களை இந்த வருஷம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். வீதியில் அப்படி ஒரு சாமான் வேறு யாரிடமும் இல்லை.

பிப்ரவரியில் யதிராஜன் அதை இரவல் கேட்டான். கோயில் வாசலில் நாலு பேர் எதிரே கேட்டான். இரவல் கேட்ட பங்காளிக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கொடுத்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் கிடையாது. வாங்கியவன் கொண்டுவந்து தரவேண்டும். ஆகவே உற்சவம் தொடங்கி ஆறு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் நாள் காலையில் அவனே வந்தான்.

"அண்ணா, கழட்ட வரலை. நேத்து சாயங்காலத்துலேர்ந்து பாக்கறேன். அசையவே மாட்டேங்கறது."

"கை ஈரமா இருந்திருக்கும்."

"துணி சுத்தித் திருகினேன். வெந்நீர் விட்டேன். எலுமிச்சம்பழம்கூடத் தேச்சுப் பாத்தேன் அண்ணா."

என் மனைவி ஹேமாம்புஜம் உள்ளேயிருந்து, "எலுமிச்சம்பழமா? நட்டுக்கா? ஊறுகாயா போடப்போறே?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது.

இரவல் கொடுத்த மூன்றாம் வாரம் யதிராஜன் சும்மா இருக்கமாட்டாமல், "அண்ணா, உங்க ஓஸ் கொஞ்சம் ஒழுகறது" என்று சொல்லியிருந்தான். எங்கள் வீட்டுச் சாமான் ஒழுகுகிறதாம்! இரண்டு நாள் கழித்து அவன் மீஞ்சூரில் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அவன் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் மோட்டார் மாட்டிய பிட்டர், குழாய் இணைப்புகளில் சணலைச் சுற்றி வெள்ளை என்கிற பசையைத் தடவி முடுக்கியதைப் பார்த்திருந்தேன். மிச்சம் வீட்டில் இருந்தது. சணலைச் சுற்றினேன், வெள்ளையை அப்பினேன், பெரிய ரெஞ்சைப் போட்டு அதன் கைப்பிடிமேல் ஏறி நின்று முடுக்கினேன். அப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

"ஓஸை அறுத்துடலாமே?" என்றாள் ஹேமாம்புஜம்.

"அறுத்தா நம்ம குழாயில எதை மாட்டறது? குழாய் முக்கால் இஞ்சு, ஓஸ் அரை இஞ்சு. அந்த நட்டு இருந்தாதான் ரெண்டும் சேரும்."

"அப்போ யதிராஜன் ஆத்துக் குழாயிலேர்ந்தே அடிச்சுட்டாப் போச்சு. மண்டபத்துக்கு எட்டறதே."

யதிராஜனும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தான் போலிருந்தது. "ஆமாம் மன்னி, தொட்டி ரொம்பியிருக்கு. தாராளமா..."

"வேண்டாம்" என்றேன்.

இந்த வருஷம் அவன் தண்ணீர் வீதிக்கு வந்தால், அடுத்த வருஷம் அவன் பூமாலை வரும். அதற்கடுத்த வருஷம் பட்டர் தட்டை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்குவார். ஐம்பத்தெட்டில் சித்தப்பா கேட்ட பாதி, ஒரு குழாய் வழியாக வந்துவிடும். நான் இருக்கும்வரை அது நடக்காது.

நல்லவேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை. பிட்டர் தாவீது எங்கள் மோட்டாரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிறுதோறும் செவ்வாப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் வீதி மோட்டார்களைக் கவனிப்பான். கெட்டிக்காரன். அவனிடம் ஒரே குறை, என்னை ஐயரே என்று கூப்பிடுவான். ஐயங்கார் என்று பலமுறை திருத்திவிட்டேன்.

"இன்னா ஐயரே, திருவிழா நாளும் அதுவுமா மூஞ்சி இப்டி கீது?"

விஷயத்தைச் சொன்னேன். தாவீது யதிராஜன் தோட்டத்துக்கு வந்து குழாய் எதிரே குந்தி உட்கார்ந்தான். மண்ணெண்ணெய் விட்டான். காத்திருந்தான். சுத்தியால் நட்டைச் சுற்றி மெல்லத் தட்டினான். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். சுரண்டியதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அடக் கடவுளே. சணலு!"

நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம்.

"சணல சுத்தி வெள்ளைய பூசி முறுக்கி வெச்சிகீறான். ஓஸ் நட்டுக்கு எவனாவது சணல் சுத்துவானா? உள்ள ஒரு வாஷரு, கையால ரெண்டு திருவு, மேட்டரு முடிஞ்சிது. ஒழுவுச்சின்னா வாஷர மாத்தணும். இது இப்போ கல்லு மாரி ஆயிடுச்சி. எந்த புத்திசாலி பண்ண வேல இது?"

ஹேமாம்புஜம் யதிராஜனைப் பார்த்தாள். "நீயா சுத்தினே?"

"சத்தியமா நான் இல்லை மன்னி. எனக்கு நூல்கண்டே சுத்தத் தெரியாது." யோசித்துவிட்டு, "நான் மீஞ்சூர் போயிருந்தப்போ தோட்டக்காரன் பண்ணியிருப்பான். நாளைக்கு வரட்டும், கேக்கறேன்" என்றான்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்கவேண்டும். மதில் மேல் ஒரு ஓணான் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாவீது எழுந்தான். "சுட வெச்சாதான் இளவும். ஊதுவெளக்கு ஸ்டேஷனாண்ட நம்ம ஆளு கடைல கீது. அரை அவர்ல எடுத்தாறேன். அதுவரிக்கும் யாரும் கைய வெக்காதீங்க. ஒரு ரெஞ்சு குழாய புடிச்சிக்கணும், இன்னொண்ணு நட்ட திருவணும். ஒத்த ரெஞ்ச போட்டு முறுக்குனீங்க, பைப்பே பிச்சிகினு வந்துடும்."

சைக்கிளில் ஏறிப் போனான். மணி ஒன்பதே முக்கால். யதிராஜன் ஸ்நானத்துக்குப் போனான். ஹேமாம்புஜம் தளிகையைக் கவனிக்கப் போனாள். தெற்கு வீதியில் நாதஸ்வரம் கேட்டது. வழக்கத்தைவிட முன்னதாகவே பல்லக்கு கிளம்பிவிட்டது. தாவீதின் பெட்டி குழாயருகே திறந்து கிடந்தது. அதில் ரெஞ்சு இருந்தது.

முடுக்கியவன் நான். அதே பலத்தில் கழற்றவும் என்னால் முடியும் என்று தோன்றிற்று. யாருக்கும் தெரியாமல் போட்ட முடிச்சு, யாருக்கும் தெரியாமல் அவிழ்ந்துவிட்டால் தோட்டக்காரனும் பிழைத்தான். வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரெஞ்சை நட்டில் போட்டேன். கைப்பிடியில் ஒரு காலை வைத்தேன். பிறகு இரண்டாவது காலையும் வைத்தேன்.

அசைந்தது. எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் அசைந்தது நட்டு இல்லை. சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அடுத்த கணம் நான் பூச்செடிப் பாத்தியில் உட்கார்ந்திருந்தேன். குழாய், நட்டு, ஓஸ் மூன்றும் ஒன்றாக என் மடியில் இருந்தன. சுவரிலிருந்து கைத்தடி கனத்துக்குத் தண்ணீர் பீறிட்டு என் மார்பில் அடித்தது.

யதிராஜன் ஈர வேஷ்டியோடு ஓடிவந்தான். "அண்ணா! அடி பட்டுதா?"

"தொட்டியை மூடு!"

"எப்படி அண்ணா மூடறது? அதுக்கு மூடற குழாயே வைக்கலையே!"

வீடு கட்டும்போதே வைக்கச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அதைச் சொல்ல அது நேரம் இல்லை. அவன் இரண்டு கைகளாலும் ஓட்டையைப் பொத்தினான். விரல் இடுக்கு வழியாகத் தண்ணீர் எங்கள் இருவர் முகத்திலும் பீய்ச்சியது. அதற்குள் பாத்தி நிரம்பி, தண்ணீர் கேட்டுக்கு அடியில் நுழைந்து வீதிக்குப் போயிருந்தது. அவன் வீடு மேட்டில் இருக்கிறது. மண்டபம் பள்ளத்தில் இருக்கிறது.

அவன் அதைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சட்டென்று கையை எடுத்துவிட்டான். ஓடிப்போய் கேட்டை அகலத் திறந்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கி, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று, தண்ணீர் மண்டபத்தைச் சுற்றிப் பரவும்படி வழி பண்ணினான். அவன் வீட்டில் குடிக்க, குளிக்க, சமைக்க இருந்த தொட்டித் தண்ணீர் முழுவதும் அது.

பல்லக்கு வந்தபோது மண்ணிலிருந்து குளிர்ந்த வாசனை எழுந்தது. அப்பாவு முதலில் பெருவிரலை வைத்துப் பார்த்தான். அப்புறம் பாதத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான்.

"ஏய், ஜில்லுனு கீதுடா! தோள மெதுவா எறக்குங்கடா, இன்னா அவுசரம் இப்போ?"

பெருமாள் எங்கள் வாசலில் அன்று இருபது நிமிஷம் நின்றார். பாசுரம் முழுவதும் சேவித்து முடிந்தது. நான் உலர்ந்த வேஷ்டி மாற்றி, திருமண் சரிசெய்துகொண்டு முன்னால் நின்றேன். மண்டகப்படிக்காரனுக்கு முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டத்தைப் பட்டர் கையில் எடுத்தார். அப்போதுதான் அப்பாவு கேட்டான்.

"இந்த வருசம்தான் சாமி மனுசனா நின்னோம். யாரு ஊட்டுத் தண்ணி இது?"

யதிராஜன் சேற்று வேஷ்டியோடு தன் கேட்டருகே நின்றிருந்தான். அவன்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னான். "எல்லாம் அண்ணாவோட ஏற்பாடு."

அவன் கேலி செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பட்டரின் கை என் தலைக்கு வந்துவிட்டது. நான் குனியவில்லை.

"தண்ணி யதிராஜன் ஆத்துது" என்றேன். "தொட்டி முழுக்க விட்டுட்டான். குழாயை உடைச்சது நான். சணல் சுத்தினதும் நான்தான். தோட்டக்காரனை யாரும் ஒண்ணும் கேக்கவேண்டாம்."

கூட்டத்தின் ஓரத்தில் ஊதுவிளக்கோடு நின்றிருந்த தாவீது, "ஐயரே! நீங்களா அந்தப் புத்திசாலி?" என்றான். நாதஸ்வரக்காரர் சிரித்துவிட்டார். ஹேமாம்புஜம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

பட்டர் தயங்கினார். எதைப் பார்த்து அஞ்சினேனோ அதே தயக்கம். தட்டு ஒரு கையிலும் பரிவட்டம் ஒரு கையிலுமாக, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

"யதிராஜா, வா" என்றேன். "அவனுக்கு முதல்ல கட்டுங்கோ."

"அண்ணா, நான் சேறும் சகதியுமா..."

"வாடான்னா வரணும். பெருமாள் எத்தனை நேரம் காத்துண்டிருப்பார்?"

வந்தான். பட்டர் அவன் தலையில் பரிவட்டம் கட்டினார். தலைமயிரிலிருந்து அவன் தொட்டித் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்து எனக்குக் கட்டினார். மண்டகப்படி எங்களுடையதுதான். அதைப் பட்டரிடமும் அன்று மாலையே நினைவுபடுத்தினேன்.

யதிராஜனுக்குப் பிறகு தீர்த்தத்துக்கு நான் கை நீட்டினேன். ஐந்து தலைமுறையில் எங்கள் கிளையில் இரண்டாவதாகத் தீர்த்தம் வாங்கியவன் நான் ஒருவன்தான். பச்சைக்கர்ப்பூரமும் துளசியும் எப்போதும்போலவே இருந்தன.