தகரக் கொட்டகைச் செலவு

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, அதன்மேல் மழை விழும் சத்தத்தைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவதுதான் அவள் தொழில். தூக்கம் வராதவர்கள் விடிய விடியக் கேட்பார்கள். அவர்கள் வைத்த பெயர் மழைக்காரி. விளம்பர வருமானம் வந்தது. வருடா வருடம் வரியும் ஒழுங்காகக் கட்டினாள். இந்த முறை வரி அலுவலகம் கூப்பிட்டது. கொட்டகையையும் மெத்தையையும் தொழில் செலவாகக் காட்டியது ஏன் என்று நேரில் வந்து சொல்ல வேண்டுமாம்.

அவளுக்குக் கணக்குப் பார்க்கும் சித்தப்பா கணக்கு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "வீட்டைப் பெருசாக்கிட்டுத் தொழில் செலவுன்னு எழுதிட்டோம்னு நினைப்பாங்கம்மா. பேசாம கொட்டகையைச் செலவுக் கணக்குலேர்ந்து எடுத்துடலாமா?"

"எதுக்கு சித்தப்பா? அது இல்லேன்னா சம்பாத்தியமே இல்ல. நீங்க கூட வந்து உக்காருங்க போதும், நான் பேசிக்கிறேன்."

அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மழை சும்மாதானே பெய்யுது? அதுக்கு என்னம்மா செலவு?"

"நமக்கு வேணுங்கிறப்போ பெய்யாது மேடம். பெய்ஞ்சா தெருவுல இருக்கிற ஹாரன் சத்தமும் சேர்ந்து விழும். அதான் குழாயில ஓட்டை போட்டு நானே பெய்ய வைக்கிறேன்."

செல்பேசியை மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். முதலில் ஒன்றிரண்டு துளி. பிறகு தகரம் முழுக்கச் சடசடத்தது. பக்கத்து மேசைக்காரர் ஜன்னலை எட்டிப் பார்த்து, "அடடா, குடை கொண்டு வரலையே" என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொட்டகையில யாராவது தங்குறாங்களா?"

"மைக்கைத் தவிர யாரும் இல்ல மேடம். துணி காயப்போடக்கூட எங்கம்மாவை விடுறதில்ல."

"மெத்தை?"

சித்தப்பா முந்திக்கொண்டார். "அது வந்து மேடம், எதிரொலி வராம இருக்க..."

"இல்ல சித்தப்பா. அதுக்குப் பழைய மெத்தையைத்தான் சாத்தி வெச்சிருக்கேன். புதுசுல நான் படுத்துக்கிறேன். தப்பா சேர்ந்துடுச்சு மேடம், எடுத்துடுங்க."

சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அதிகாரி செலவுப் பட்டியலில் மெத்தையை அடித்துவிட்டு, "கொட்டகை இருக்கட்டும். ஆனா ஒரே வருஷத்துல கழிக்க முடியாது, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கங்க" என்றார்.

கூடுதல் வரியைக் கீழே கவுன்டரிலேயே கட்டினாள். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சித்தப்பா கேட்டார்: "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா மெத்தையும் தப்பிச்சிருக்கும்ல?"

"விடுங்க சித்தப்பா. இப்ப எல்லாரும் ஓட்டு மேல விழுற மழையைத்தான் கேக்குறாங்க. போற வழியில ஓடு விக்கிற கடை இருந்தா நிறுத்துங்க. பில்லை மட்டும் என் பேர்ல போடச் சொல்லணும்."