திரைச்சீலைக் கடை

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் பூட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். சமையல் நிகழ்ச்சி. யாரோ ஓர் அம்மாள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெங்காயத்திலும் அக்கறையில்லை, அந்த அம்மாளிடமும் இல்லை. வாளி நிறைந்து வழிகிற சத்தத்தையும் மீறி மனைவி சிரிப்பது கூடத்துக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டுத் தொலைக்கக் கூடாதே என்றுதான் இந்தப் பாடு. கை கழுவக்கூடக் குழாயை முழுசாகத் திறக்காத சிக்கனக்காரி அவள். அப்படிப்பட்டவள் தினம் சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் புருஷனுக்குத்தான் தெரியாது? இவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பூட்டுக்காரர் என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். நாட்டை விட்டு வெளியே போகிற இணையப் போக்குவரத்தைப் பார்ப்பதும், ஆகாததைப் பூட்டுவதும்தான் அங்கே வேலை. ஜனங்கள் இப்போது மகா கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். தடை போட்ட இடத்துக்கு நேராகப் போவதில்லை. வெளிநாட்டில் ஒரு கணினியை இடையில் நிறுத்தி, அதை ஏதோ ஒரு கடையின் இணையதளம் மாதிரி ஜோடித்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ செருப்பு விலை பார்க்கிற மாதிரி இருக்கும். உள்ளே ஓடுகிற பேச்சை எந்தக் கொம்பனாலும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் நிஜமாகவே செருப்பு பார்க்கிறவன் கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் எழுந்துவிடுவான். தினமும் அதே வேளைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார மாட்டான். அதுதான் காட்டிக்கொடுக்கும். இயந்திரம் சந்தேகப்பட்டதைக் கொண்டுவந்து நிறுத்தும். பூட்டுவதா விடுவதா என்று இவர் சொல்ல வேண்டும். இவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது என்று அங்கே பேச்சு.

மகள் ஏதோ ஒரு பத்திரிகையில் எதையோ எழுதிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டியபோது, அவளோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மேலிடத்தில் சொல்லித்தான் இவர் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். "அவ பேரையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்று மனைவியிடமும் சொன்னார். அவள் எடுக்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு எடுத்தாள்.

மறுநாள் மேலாளர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்னய்யா பூட்டு, இந்தத் திரைச்சீலைக் கடைய ஏன் இன்னும் விட்டு வச்சிருக்க? சாயங்காலமானா யாரோ உக்காந்துடறாங்க. அதுவும் உங்க தெருவுலேருந்துதான்."

அந்த ஏசிக் குளிரிலும் பூட்டுக்காரருக்குக் கழுத்து வேர்த்தது. என்ன தைரியத்தில் சிரித்தாரோ, சிரித்தார்.

"எங்க வீட்டம்மாதான் சார். ஜன்னலுக்குத் திரை வாங்கணும்னு உசிர எடுக்கறா. ஒரு நிறமும் பிடிச்சுத் தொலைய மாட்டேங்குது."

மேலாளர் தொப்பை குலுங்கச் சிரித்தார். அவர் வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது. "இன்னிக்கே வாங்கி முடிக்கச் சொல்லு. காலைல பூட்டிடு. நமக்கு எதுக்கு வம்பு?"

அன்று சாயங்காலம் குழாய் திறந்தது. பூட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார்.

"தண்ணிய நிறுத்து. நான்தான்."

கதவு திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனைவி துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். துண்டுக்குள் போன் இருந்தது.

"குளிக்கப் போறேங்க."

"நாளைலேருந்து அந்தத் திரைச்சீலைக் கடை இருக்காது. வேற கடையா மாத்தச் சொல்லு அவகிட்ட. தினம் ஒரே நேரத்துக்குப் போகாதே. சுருக்கமாப் பேசு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்து."

நன்றி சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் பொரிந்து தள்ளினாள். "தெரிஞ்சுக்கிட்டா டிவி பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க? ஒரு நாளாவது கதவத் தட்டத் தோணலையா? தினம் கேக்கறா, அப்பா எப்படி இருக்காருன்னு. உன்ன விசாரிச்சாருன்னு தினம் பொய் சொல்றேன் நான்."

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரும்மா? அப்பாவா?"

எத்தனை வருஷமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சளி பிடித்திருக்கிறது, மருந்து சாப்பிட்டாளோ இல்லையோ. பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். கேட்க நினைத்தது ஒன்று, வந்தது வேறொன்று.

"புதுக் கடை எதுன்னு என்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நான் பூட்டியாகணும். இன்னொரு தடவை மேலாளர் முன்னால என்னால சிரிக்க முடியாது."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்.

காலையில் முதல் வேலையாகத் திரைச்சீலைக் கடையைப் பூட்டினார். அதுவரை ஒரு கையில் தேநீரை வைத்துக்கொண்டு மறுகையால் பூட்டிக்கொண்டிருந்தவர்தான். இப்போது கேக் கடை வந்து நின்றால் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடிக் கடை வந்தாலும் அடித்துக்கொண்டது. எதற்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாளோ, யார் கண்டது? வீட்டில் குழாய் மட்டும் வெவ்வேறு வேளைகளில் திறந்து சீக்கிரமே மூடியது. இவர் சொன்னதை அவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் வண்ண மீன் கடை வந்தது. இவர்கள் தெருவிலிருந்துதான் யாரோ பார்க்கிறார்கள். மகள் சின்ன வயசில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மீன் வளர்த்தவள். செத்துப்போன ஒவ்வொன்றுக்கும் சோறு சாப்பிடாமல் அழுதவள். அட அசடே, போயும் போயும் இதையா எடுப்பாய்? இல்லை, வேறு யாராவதாக இருக்கும். தெருவில் மீன் வளர்க்கிற வீடு ஒன்றுகூடவா இருக்காது?

"பார்த்தாலே தெரியுதே, என்னய்யா யோசனை?" மேலாளர் பின்னால் நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார். பூட்டினார்.

அன்று சாயங்காலம் மனைவி கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தாழ் விழுந்தது. பூட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். டிவியைப் போடவில்லை. குழாய் திறந்தால் அந்த மீன் கடை மகளுடையது இல்லை; திறக்கட்டும் என்று காத்திருந்தார்.