எல்லாப் பாடத்துக்கும் ஒரு பத்தி

ப்ளெக்ஸின் மேல் முனையை வேப்பமரக் கிளையில் கட்டிவிட்டுக் கீழ் முனைக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் நிலவழகனைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்கள். ப்ளெக்ஸில் அப்பா கோட்டு போட்டிருந்தார். வாழ்நாளில் அவர் கோட்டு போட்டதில்லை. கடைக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருந்தான். கீழே பெரிய எழுத்தில், ‘காமன் பாராகிராப் தந்த கல்வி வள்ளல் சந்தனம் ஐயா அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்தது.

“இதக் கழட்டிறலாமா?” என்றான் நிலவழகன்.

“ஏண்ணே, பேரு கீரு தப்பா இருக்கா?”

“பேரு சரியாத்தான் இருக்கு.”

“ஆசிரியர் சங்கத்துலேர்ந்து குடுத்துவிட்டாங்கண்ணே. வசந்தகுமார் சார்தான் எழுதிக் குடுத்தாரு. அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”

கேட்பதற்கு அவனுக்குத் தெம்பு இல்லை. மூன்று வாரமாகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தான். நேற்று மத்தியானம் அவர் போனதும் கையெழுத்து, வண்டி, பந்தல், நாற்காலி என்று ஓடியவன் இன்னும் உட்காரவில்லை. அழுகை வரவில்லை. வராதது கூட ஒரு வேலை மிச்சம் என்றுதான் தோன்றியது. கயிறு கிடைத்துவிட்டது, கீழ் முனையையும் கட்டினார்கள்.

அன்னவாசல் பக்கத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் காமன் பாராகிராப் தெரியும். எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வந்தாலும் எழுதிவிட்டு வரக்கூடிய ஒரே ஒரு பத்தி. இந்தப் பாடம் மிக அருமையானது, இதை எழுதியவர் பெரிய எழுத்தாளர், இதில் நல்ல கருத்து இருக்கிறது, எனக்கு இது மிகவும் பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் போகும். பாடத்தின் பெயரை மட்டும் கேள்வித்தாளைப் பார்த்து நடுவில் செருகிக்கொள்ள வேண்டும். திருத்துகிறவர் மனம் இளகினால் இரண்டோ மூன்றோ மார்க். முப்பத்தைந்துக்குத் தவிக்கிறவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

அதை எழுதியது சந்தனம் சார் என்று ஊருக்கே தெரியும். யாருக்காக எழுதினார் என்பது எழுதியவருக்கும் அம்மாவுக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

நிலவழகன் பத்தாவது ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்றவன். ஆங்கில வாத்தியார் மகன் ஆங்கிலத்தில் பெயில் என்றால் டீக்கடையில் எத்தனை நாளைக்குப் பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அப்பா ராத்திரி பகல் பார்க்காமல் சொல்லிக் கொடுத்தார், கத்தினார், டஸ்டரை எறிந்தார். ஒரு சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டு, பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எதையோ எழுதி, மகனின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். “இத மட்டும் உருப்போடு” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. “எத எழுதாதீங்கடான்னு இத்தன வருசமாச் சொன்னேனோ, அத எங்கையாலயே எழுதிட்டேன்டி” என்று அம்மாவிடம் சொன்னது, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவனுக்குக் கேட்டது.

அவன் முப்பத்தேழு வாங்கி பாஸானான். செய்தி சொன்னபோது அப்பா “ம்” என்றதோடு சரி. அதற்குள் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், பிறகு வாட்ஸ்அப் என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் யாராவது வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிப் பாராட்டினால் அப்பா எழுந்துபோய் வாசலில் செருப்பைத் தேடுவார். அவர் வெட்கப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். இப்போது அதன் பேரைச் சொல்லித்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். அவன் வாயைத் திறந்தால் சரி செய்யலாம். ஆனால் திறந்தால் அந்த மக்குப் பையன் நான்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மகள் அன்புமொழிக்கு நாளை மறுநாள் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சை. இங்கிலீஷில் அறுபது வாங்கினேன், மோட்டார் மேல் ஆசைப்பட்டு ஐ.டி.ஐ. போனேன் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து முடித்து, ஈர வேட்டியோடு வந்து நின்றான். அப்பாவைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நின்றார்கள், அன்புமொழி தலைமாட்டில். பரீட்சை நேரம் என்பதால் கொட்டு வேண்டாம் என்று அம்மா கண்ணாத்தாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தெரு சத்தமில்லாமல் கிடந்தது. இரங்கல் கூட்டம் வழக்கமாகச் சுடுகாட்டில்தான் நடக்கும். டீச்சர்மார் அங்கே வர முடியாது என்று சங்கத்தார் வாசலிலேயே ஒரு ஸ்பீக்கரை வைத்து, வயர் இல்லாத மைக்கைக் கையில் எடுத்தார்கள்.

வசந்தகுமார் முதலில் பேசினார். சந்தனம் சார் எளிமையானவர், பழகுவதற்கு இனியவர், கண்டிப்பும் கனிவும் ஒருங்கே கொண்டவர், அவருடைய மறைவு கல்வி உலகத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. அடுத்து வந்த தலைமையாசிரியரும் எளிமையானவர், இனியவர் என்றார். வட்டாரச் செயலாளர் கனிவில் ஆரம்பித்து ஈடுசெய்ய முடியாத இழப்பில் முடித்தார். போன மாதம் குடுமியான்மலையில் டிராயிங் மாஸ்டர் இறந்ததற்கும் இதையேதான் பேசியிருப்பார்கள். பேரை மட்டும் நடுவில் செருகினால் போதும். நிலவழகனுக்கு உடம்பெல்லாம் வலித்தது. கால் மாற்றிக் கால் நின்றான். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. அப்பா இருந்திருந்தால் எப்போதோ செருப்பைத் தேடியிருப்பார்.

தாய்மாமன் நாகராசு அவன் முழங்கையைத் தொட்டார். “மாப்ள, குடும்பத்து சார்பா நன்றி மட்டும் சொல்லிரு. நாலரைக்குள்ள எடுத்துறணும்.”

மைக் வெதுவெதுப்பாக இருந்தது.

“வணக்கம். வந்தவங்க எல்லாருக்கும் நன்றிங்க.”

நாற்காலிகள் நகர்ந்தன. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

“இன்னொன்னு. இந்த ப்ளெக்ஸ்ல போட்டிருக்கது… அத எங்கப்பா பெருமையா நெனக்கலங்க. நான் இங்கிலீஷ்ல ரெண்டு தடவ பெயிலு. மூணாவதும் போயிரும்னுதான் அத எனக்கு எழுதிக் குடுத்தாரு. எனக்கு மட்டுந்தான். எழுதின அன்னைக்கு அவரு சோறு திங்கல.”

எழுந்தவர்கள் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. நிலவழகன் மகள் நின்ற பக்கம் திரும்பவில்லை. மைக்கைப் பார்த்தே பேசினான்.

“அவரு நடத்துனது வேற. சித்தன்னவாசலுக்குக் கூட்டிட்டுப் போயி பாறையில உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு வரி இங்கிலீஷ்ல சொல்லுங்கடான்னுவாரு. ஒருத்தன் சொன்னத அடுத்தவன் சொல்லக் கூடாது. தப்பா இருந்தாலும் பரவால்ல, ஒன் வரியா இருக்கணும்னுவாரு. எனக்குத்தான் ஒன்னும் வரல. மத்த பிள்ளைகளுக்கெல்லாம் வந்துச்சு. நீங்க இவ்வளவு நேரம் பேசுனீங்க…”

அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திவிட்டான். மரியாதை தெரியாமல் பேசிவிட்டோமோ என்று உடனே சங்கடமாகப் போயிற்று. வசந்தகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

“போதும்ப்பா, நேரமாச்சு” என்றார் நாகராசு.

பெண்கள் பக்கத்திலிருந்து ஷீபா டீச்சர் எழுந்தாள். அப்பாவிடம் படித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிறாள். மைக்கைக் கேட்டு வாங்காமல் நின்ற இடத்திலேயே பேசினாள்.

“சார் ஒரு தடவ கிளாஸ்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டாரு. நாங்க யாரும் எழுப்பல. பெல் அடிச்சதும் முழிச்சு, விட்ட வரியிலேர்ந்தே நடத்துனாரு.”

யாரோ சிரித்தார்கள். சாவு வீடு என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அருணா, நிலவழகனின் மனைவி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொன்னாள். “கோவம் வந்தா எங்கிட்டயும் இங்கிலீஸ்லதான் திட்டுவாரு. எனக்குப் புரியாதுன்னுதான்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. தூக்குகிறவர்கள் தலைத்துண்டைச் சும்மாடாக மடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

“நானும் ஒன்னு சொல்லவா?” என்றாள் அன்புமொழி.

அவள் கையில் பந்தம் அணையும் நிலையில் இருந்தது. கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. நாகராசு வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“அப்பா பாஸான அன்னைக்கு தாத்தா புதுக்கோட்ட பஸ் ஸ்டாண்டுல தனியா நின்னு கால் கிலோ ஜிலேபி தின்னாராம். வீட்டுக்குக் கொண்டாந்தா எல்லாரு முன்னாடியும் அழுதுருவேன்னு அங்கயே தின்னுட்டு வந்துட்டாராம்.”

நிலவழகன் அவளைப் பார்த்தான்.

“எப்பச் சொன்னாரு ஒங்கிட்ட?”

“போன வருசமே. நீங்க அறுபதுன்னு சொன்னீங்கல்ல, அத தாத்தாட்ட சொன்னேன். சிரிச்சாரு. ஒங்கப்பன் முப்பத்தேழு, அத வாங்க அவன் பட்ட பாட்ட அறுபது வாங்குனவன் எவனும் படலன்னாரு.”

அவள் குரலில் குற்றச்சாட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நாகராசு கொள்ளிச் சட்டியின் கயிற்றை அவன் வலது கையில் மாட்டிவிட்டார். “முன்னால நட. திரும்பிப் பாக்காத.”

பாடை தோளுக்கு ஏறியது. பெண்கள் கத்திய சத்தம் ஒருமுறை எழும்பி, பின்னால் தங்கிவிட்டது. கொட்டு இல்லாத ஊர்வலம் என்பதால் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. நிலவழகன் நடந்தான். மார்ச் மாதத்து வெயில் தார் ரோட்டிலிருந்து வெறுங்காலில் ஏறியது. சட்டிப் புகை முகத்தில் அடித்தது.

நாலைந்து வீடு தாண்டியிருப்பான். பின்னால், வீட்டுப் பக்கத்திலிருந்து, யாரோ பெரிதாக மூச்சு வாங்குவது கேட்டது. படியேறி வந்தவர் போல, இழுத்து இழுத்து. அவன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் கூடவே வந்தது. நடுவில் ஓர் இடத்தில் அது உடைந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி தொடர்ந்தது. கணீரென்று தெரு முழுக்கக் கேட்டது. வாசல்களில் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

இடது கையை அவன் அப்போதுதான் கவனித்தான். வாசலில் பேசிய மைக்கை இன்னும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அதை வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. கட்டைவிரலுக்கு நேராகத்தான் ஸ்விட்ச் இருந்தது. தெரு முனை திரும்பி ஸ்பீக்கருக்கு எட்டாமல் போகிற வரைக்கும் அவன் அதை அணைக்கவில்லை.