சுறா எண்ணெய் விட்ட சில்லு

என் காருக்கு ஹோர்ன் இல்லை. தேவைப்படவும் இல்லை. எந்த முடக்கில் திருப்பினாலும் இடது முன் சில்லு போடும் கிறீச்சில், ஸ்ரனிஸ்லஸ் வருகிறான் என்று ஒட்டுசுட்டான் ஊருக்கே தெரிந்துவிடும். தொண்ணூற்றாறில் சண்டையால் முல்லைத்தீவுக் கரையையும் படகையும் விட்டு வந்த பிறகு, ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கார் ஒன்றை ஹயருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். வன்னிக்குப் பொருள் வராத தடைக் காலம். பெற்றோல் கிடையாது, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கிறீசும் கிடையாது. அதற்கு என்னிடம் சுறா எண்ணெய் இருந்தது. கடற்கரையில் படகுப் பலகைக்கு நாங்கள் பூசுவது அதைத்தான். உப்புத் தண்ணீரையே தாங்குகிற எண்ணெய், ஒரு சில்லுக்குப் போதாதா என்ற திமிர் எனக்கு. சத்தம் கூடக் கூட, எண்ணெயையும் கூட விட்டேன்.

ஒரு நாள் சந்தியில் பத்துப் பேருக்கு முன்னால் இளையதம்பி அண்ணை வாயைத் திறந்தார். முத்தையன்கட்டில் வயல் செய்கிறவர், உழவு மெசினோடு மாரடித்து அனுபவப்பட்டவர்.

"ஸ்ரனிஸ்லஸ், உந்தச் சத்தம் நல்லதுக்கில்லை. கழட்டிப் பாரும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நீங்கள் உங்கட மெசினைப் பாருங்கோ அண்ணை. இருபது வருசம் கடலில கிடந்தவனுக்கு எண்ணெய் விடப் பழக்க வேண்டாம்."

அதன்பிறகு அவர் என்னைக் கண்டால் மறுபக்கம் பார்த்தார்.

அப்படிப்பட்ட மனிதர் அடுத்த கிழமை ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். மகள் ஜெயரூபிக்குப் பிரசவ நோ. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே புதுக்குடியிருப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். அவருடைய சேட்டு வியர்வையில் நனைந்திருந்தது. நான் கட்டியிருந்த சாரத்தோடேயே காரை எடுத்தேன்.

பின் ஆசனத்தில் ஜெயரூபியின் தலையை மடியில் வைத்திருந்தவர் தாய் நாகேஸ்வரி அக்கா. "நல்லகாலம் தம்பி, நீங்கள் திரும்பி வந்திட்டியள்," என்றார். நான் எங்கும் போயிருக்கவில்லை. அதைக் கேட்க அப்போது நேரமும் இல்லை.

காட்டுப் பாதையில் பாதித் தூரம் போயிருப்போம். இரவு யானை முறித்த பாலை மரம் ஒன்று வளைவில் கிடந்தது. ஸ்ரேறிங்கை ஒடித்து விலத்தினேன். சில்லு ஒரு தரம் கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை, ஸ்ரேறிங் திரும்பி வரவும் இல்லை. கார் மணலில் இறங்கி நின்றது.

ஜக் அடித்து முன்பக்கத்தை உயர்த்தினேன். சில்லைத் திருப்புகிற தடித்த கம்பி பக்கத்துக்கு ஒன்று இருக்கும். இளையதம்பி அண்ணை ஸ்ரேறிங்கைப் பிடித்து இழுக்க, நான் கீழே கிடந்து கம்பிகளில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வலது கம்பி அமைதியாக இருந்தது. இடது கம்பி உள்ளே பிடித்துக்கொண்டு நடுங்கியது. எண்ணெய்த் துவாரத்தை நகத்தால் சுரண்டினேன். மஞ்சள் பிசின். மீன் மணம். எனக்கு விளங்கிவிட்டது.

"என்ன, கறளோ?" என்றார் அவர்.

"ஓம் அண்ணை, கறள்தான்," என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது.

இரும்பில் துருவேறிய கறளென்றால் மண்ணெண்ணெயில் இளகும். கார் ஓட்டத்துக்கென்று கானில் வைத்திருந்த மண்ணெண்ணெயை அவர் ஊற்றினார். காத்திருந்து இழுத்தோம். அசையவில்லை. மறுபடியும் ஊற்றினார். கால் மணித்தியாலம் போனது, கானில் பாதியும் போனது. முனகிக்கொண்டிருந்த ஜெயரூபி மெல்ல மெல்ல அடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை கதைக்கிறாளில்லை," என்றார் நாகேஸ்வரி அக்கா.

நான் எழும்பினேன். "அண்ணை, கறளில்லை. நான் விட்ட சுறா எண்ணெய். காய்ஞ்சு இறுகிப்போச்சு. படகில அது இறுகத்தான் பூசுறது. மண்ணெண்ணெய்க்கு இளகாது, நெருப்புக் காட்டவேணும்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

பெண்கள் இருவரையும் காரிலிருந்து இறக்கி மர நிழலில் விட்டோம். மண்ணெண்ணெய் ஊறிய மணலை அள்ளி எறிந்து, பிறேக் குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றினேன். சால்வைத் துண்டைக் கம்பியில் கட்டிக் கொளுத்தினோம். கருவாடு கருகுகிற நாற்றம் எழுந்தது. பிசின் பொங்கி வடிய வடியச் சுத்தியலால் தட்டினேன். நாகேஸ்வரி அக்காவின் கொண்டையூசியால் துவாரத்தைக் குத்தி எடுத்து, எஞ்சினுக்குள் கிடந்த ஒயிலில் ஒரு சிரட்டை இறக்கி ஊற்றினேன். அவர் ஸ்ரேறிங்கை இழுத்தார். சில்லு திரும்பியது.

மிச்ச மண்ணெண்ணெய் ஆசுப்பத்திரி வாசல் வரைக்கும் காணும், அதற்குமேல் ஒரு முழமும் ஓடாது என்று தெரிந்துதான் ஓட்டினேன். வாசலில் கார் நின்றபோது மண்ணெண்ணெயும் முடிந்திருந்தது.

மதியம் தாதி ஒருத்தி வெளியே வந்தாள். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ரெண்டு பேரும் இல்லை," என்றுவிட்டுப் போனாள்.

வேப்ப மரத்தடியில் இருந்த எங்கள் இருவர் மேலும் அந்தச் சொல் விழுந்தது. இளையதம்பி அண்ணை ஏசட்டும் என்று காத்திருந்தேன்.

"நோ விடியப்புறம் அஞ்சுக்கே துவங்கிட்டுது," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "உம்மட்டைப் போகச் சொல்லி மனுசி அனுப்பினவள். சந்தியில நீர் சொன்னது மனதில கிடந்தது. உம்மட படலைக்கு வர மனம் விடேல்லை. என்ர மெசின் பழுது, வேற உழவு மெசின் தேடி வீடு வீடாய்த் திரிஞ்சனான். நீர் ஹயருக்குப் போயிட்டீர் எண்டு இவளுக்குச் சொன்னனான்."

நாலு மணித்தியாலம். அந்த நாலு மணித்தியாலத்தையும் சந்தியில் நின்று நான்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

நாகேஸ்வரி அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். பிள்ளை அழுகிறாள் என்றார். பிறகு, மனம் ஆறாமல், "தம்பி, விடியவே நீங்கள் வீட்டில இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லையே," என்றார்.

இளையதம்பி அண்ணை தலை நிமிரவில்லை.

"ஓம் அக்கா," என்றேன். "ஹயர் ஒண்டுக்குப் போயிட்டன்."