சைனப் போகும் வழி

தர்சிகாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி, எட்டுப் பேர், ஓயாமல் இரையும் ஒரு ஏசி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்த வீடியோ கேமின் சில பகுதிகளை அவர்கள் செய்து கொடுத்தார்கள். கதை நடப்பது எண்ணூறு வருடத்துக்கு முந்தைய டமாஸ்கஸ் நகரில். விளையாடுகிறவன் ஒரு கொலையாளி. கூரைக்குக் கூரை தாவி, சந்தைக் கூட்டத்தில் கரைந்து, காவலர் கண்ணில் படாமல் ஆளை நெருங்கி, காரியத்தை முடித்துவிட்டு மறைய வேண்டும். ஒருவர் கண்டுவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மற்றவர்கள் செய்து தருவதை விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பது தர்சிகாவின் வேலை. சுவருக்குள் கால் புதைந்து நிற்கும் காவலன், அந்தரத்தில் மிதக்கும் கழுதை, பாங்கு சொல்ல முதலே எரியும் விளக்கு என்று நாள் முழுக்க எழுதி அனுப்புவாள். நகரத்து மனிதர்களின் நடமாட்டத்தை எழுதுகிறவன் கோபிசங்கர். யார் எப்போது கதவைத் திறப்பது, எந்தக் கடையில் நிற்பது, எந்தச் சந்தால் வீடு திரும்புவது எல்லாம் அவன் கையில். அவளைவிட இரண்டு வயது இளையவன். "தர்சியக்கா" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அதற்கு மேல் பேச்சு இல்லை. மற்றவர்கள் தேநீருக்கு இறங்கினாலும் அவன் இறங்குவதில்லை.

வைகாசி மாதத்தில் விளையாட்டின் ஒன்பதாவது பணி சோதனைக்கு வந்தது. சைனப் என்று ஒரு பெண், நூல்களைப் படியெடுத்துப் பிழைக்கிறவள். படியெடுக்கக் கூடாத கடிதம் ஒன்றைப் படியெடுத்துவிட்டாள். கொலையாளி மூன்று நாள் அவள் பின்னால் நடந்து, அவள் தனித்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து முடிக்க வேண்டும்.

தர்சிகா சைனப்பின் பின்னால் நடந்தாள். சைனப் வேலை முடிந்து சந்தி வரைக்கும் கூட்டத்தோடு வந்தாள். ரொட்டிக்கடையில் நின்றாள். நேர்வழி இருக்க, அதை விட்டுச் சுற்றுவழியால் திரும்பினாள். சிறு பாலம் ஒன்றில் தோளிலிருந்த பையை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாற்றினாள். இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்துக்கு முன்னால் வலது செருப்பை மட்டும் கழற்றி, மற்றக் காலில் செருப்போடு நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தர்சிகா திரையை நிறுத்தினாள்.

உரும்பிராய்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, பேக்கரியில் பாண் வாங்கி, கடிநாய் நிற்கிற குறுக்கு ஒழுங்கையை விட்டு, வாழைத்தோட்டத்து ஒழுங்கையால்தான் தர்சிகாவும் தினமும் வீட்டுக்குப் போவாள். மதகடியில் பையை மாற்றுவாள். பிள்ளையார் கோயிலடியில் அவசரத்துக்கு ஒரு செருப்பை மட்டும் கழற்றுவாள். அது அவளுக்கே தெரியாமல் வந்த பழக்கம். அம்மா குணலட்சுமி அதற்காகப் பேசியும் இருக்கிறாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தப் பணிக்குக் கோபிசங்கர் எழுதியிருந்த குறிப்புகளைத் திறந்தாள். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, ஒரு வரி மட்டும் தமிழில் இருந்தது. 'ஆறு பன்னிரண்டிலிருந்து ஆறு பத்தொன்பது வரை தனி. இடப்பக்கம் வாழை. நாய் இல்லை.' விளையாட்டில் நேரத்தை நிமிடக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, பாங்கை வைத்துத்தான் எழுதுவார்கள். சைனப் நடந்த வழியில் இருந்தவை மாதுளை மரங்கள். அந்த நகரம் முழுக்கத் தேடினாலும் ஒரு வாழை கிடையாது.

நிறுவனத்தை நடத்துகிற எமில்ராஜிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தப் பணியை வெளிநாட்டுக்காரர் வாயாரப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். கண்ணால் கண்டதைத்தானே ஒருவன் எழுதுவான், உங்களைப் பார்த்து எழுதினதைப் பெருமையாக எடுங்கோ தங்கச்சி என்றார். வேணுமென்றால் அவனைக் கூப்பிட்டுக் கதைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். சொன்னால் அவன் உஷாராகிவிடுவான் என்று ஏன் தனக்குத் தோன்றியது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து வழியை மாற்றினாள். ஒரு பஸ் தரிப்பு முந்தி இறங்கி, பெரிய வீதியால் நடந்தாள். நாலாம் நாள் புதிய பதிப்பு வந்தது. சைனப்பும் வழியை மாற்றியிருந்தாள். இனி மாற்றி என்ன என்று தர்சிகா பழைய வழிக்கே திரும்பினாள்.

அம்மாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. வேலையை விடு என்றுதான் அம்மா முதலில் சொல்வாள். சனிக்கிழமை, சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து கொடிகாமம் பஸ் ஏறினாள். கொடிகாமத்தில் அவளுக்கு ஒருவரும் இல்லை. போகிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. சந்தைக்குள் ஒரு மணித்தியாலம் சுற்றினாள். ஒரு கடையில் மாம்பழத்தை எடுத்து மணந்து பார்த்து வைத்துவிட்டு, அடுத்த கடைக்காரியிடம் மூன்று வாங்கினாள். அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதிப்பில் சைனப்புக்கு நாலாவது நாள் ஒன்று சேர்ந்திருந்தது. அவள் வண்டியேறிக் கிழக்கு வாசலால் ஊருக்கு வெளியே போனாள். அங்கே ஒரு சந்தை. முதற் கடையில் ஒரு முலாம்பழத்தை எடுத்து மணந்துவிட்டு வைத்தாள். அடுத்த கடையில் மூன்று வாங்கினாள்.

குறிப்பில் தமிழில் இரண்டு வரிகள் இருந்தன. 'இண்டைக்கு அடிக்கடி திரும்பிப் பாக்கிறாள். கூட்டத்துக்கை நிண்டால் காணமாட்டாள்.' அதற்குக் கீழே, கடைசிக் கட்டம் என்ற இடத்தில்: 'பாலம். வெள்ளி.'

மூன்று மேசை தள்ளிக் கோபிசங்கர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். எதையோ மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் எல்லாப் பக்கங்களையும் திகதியோடு அச்செடுத்துப் பைக்குள் வைத்தாள். அச்சியந்திரம் இரைந்த அவ்வளவு நேரமும் அவன் ஒருதரமும் திரும்பவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குணலட்சுமி பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், கணினி என்றால் என்னவென்று தெரியாதவள். ஆனால் மகள் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டியதுமே எழும்பிச் சீலை மாற்றினாள். பொலிஸில் இருந்த பெண் உத்தியோகத்தர் பொறுமையாகத்தான் கேட்டார். அவன் தொட்டானா, மிரட்டினானா, தொலைபேசியில் தொந்தரவு செய்தானா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், கணினி விளையாட்டு ஒன்று சம்பந்தமான முறைப்பாடு என்று பதிந்துகொண்டார். எமில்ராஜ் தாள்களை வாசித்துவிட்டு இந்த முறை சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரருக்கு வேலையை ஒப்படைக்க வேண்டும், அதுவரை லீவில் நில்லுங்கோ, பிறகு பார்ப்போம் என்றார்.

வெள்ளிக்கிழமையும் அவள் வேலைக்குப் போகவில்லை. ஆறு மணிக்கு முதலே தாயும் மகளும் மதகுக்குப் பக்கத்து வாழைகளுக்குள் போய் நின்றார்கள். தோட்டத்துக்குத் தண்ணி விட்டிருந்தபடியால் காலடி சதசதவென்று இருந்தது. எங்கோ பம்பு இரைந்துகொண்டிருந்தது. அவன் வராவிட்டால் நல்லது என்று தர்சிகா நினைத்தாள். வராவிட்டால் இனி எந்த நாளும் வரலாம் என்றும் நினைத்தாள்.

அவன் ஆறு ஐந்துக்கு வந்தான். மோட்டார் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் மதகில் இருந்தான். நேரம் பார்த்தான். ஆறு பன்னிரண்டு தாண்டியது. எழும்பிச் சந்திப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகும் இருந்தான். இருபது ஆனபோது ஒரு சிறு கொப்பியை எடுத்து எதையோ எழுதினான்.

தர்சிகா வெளியே வந்தாள்.

"கோபி, ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறீர்?"

அவன் திடுக்கிடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தான். "லீவிலை நிண்டாலும் இண்டைக்கு வருவியள் எண்டு நினைச்சன். நீங்கள் பஸ்ஸிலை வரேல்லை" என்றான். அவள்தான் பிழை விட்டவள் போல அவன் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

"என்னத்துக்கு என்ரை பின்னாலை வாறீர்?"

"நான் உங்களை ஒண்டும் செய்யேல்லையே, அக்கா. கிட்டவும் வரேல்லை. நாலு மாசம். ஒருநாள் எண்டாலும் நீங்கள் என்னைக் கண்டனீங்களோ?" கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

குணலட்சுமி பையைத் திற என்றாள். அவன் மறுக்காமல் திறந்தான். தண்ணீர்ப் போத்தல், கொப்பி, அவற்றுக்கு அடியில் ஒரு நீலக் குடை. போன மழைக்குத் தர்சிகா பஸ்ஸில் விட்டுவிட்டதாக நினைத்திருந்த குடை அது. கம்பி உடைந்திருந்த இடத்தில் புதிதாகத் தைத்திருந்தது.

"தாறதுக்குத்தான் வைச்சிருந்தனான்" என்றான்.

"பாலம், வெள்ளி எண்டு எழுதினனீர். என்ன செய்ய இருந்தனீர்?" என்று தர்சிகா கேட்டாள்.

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசிப்பது போலத்தான் இருந்தது. "அது இன்னும் எழுதேல்லை" என்றான்.

அதற்குள் குணலட்சுமி அயலவர்களைக் கூப்பிட்டுவிட்டாள். நாலைந்து பேர் கூடினார்கள். அவன் ஓடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. இரண்டாவது முறைப்பாட்டுக்குக் கொப்பியும் குடையும் சாட்சியாக இருந்தன. தகப்பன் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, கையொப்பமிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அவன் கொழும்பில் எங்கோ வேலையென்று கேள்விப்பட்டார்கள்.

எமில்ராஜ் அவனை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார். ஆனால் சைனப்பை எடுக்க வெளிநாட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. முழு விளையாட்டிலும் உயிருள்ள பகுதி அதுதான் என்று எழுதியிருந்தார்களாம். செருப்பை மட்டும் மாற்றலாம் என்றார்கள். தர்சிகா வேலையை விட்டாள். கோப்பாயில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் சேர்ந்தாள்.

தை மாதம் விளையாட்டு வெளிவந்தது. பார்ப்பதில்லை என்றுதான் இருந்தாள். ஒரு ஞாயிறு காலை பொறுக்கமாட்டாமல் இணையத்தில் தேடினாள். எந்த நாட்டுக்காரன் என்று தெரியவில்லை, ஒரு பெடியன் வீடியோ ஒன்றில் ஒன்பதாவது பணியை எப்படி வெல்வது என்று விளக்கிக்கொண்டிருந்தான். நாலாம் நாள் இவள் அடிக்கடி திரும்பிப் பார்ப்பாள், அப்போது கூட்டத்துக்குள் நில்லுங்கள் என்றான். கீழே ஆயிரத்துக்கு மேல் பின்னூட்டங்கள். சுற்றுவழியில் மறைந்து நிற்க இதைவிட நல்ல இடங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பாலத்துக்கு வருமுன் அவள் நிறுத்திவிட்டாள்.

அம்மா வெளிக்கிட்டு வாசலில் நின்றாள். சந்திக்கு அப்பால் ஒரு கல்யாணவீட்டுக்குப் போக வேண்டும். எந்த ஒழுங்கையால் போவோம் என்று அம்மா கேட்டாள். கடிநாய் நிற்கிற ஒழுங்கையால் என்றாள் தர்சிகா.